தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "பிள்ளை நல்ல பொறுமைக்காரி." காரணம், எங்கள் வீட்டை ஒட்டியே நாலு விசைத்தறி ஓடுகிறது. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, அந்தக் கதவை யாரும் மூடுவதும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்றே காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் மகள் சேலைத் தொட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். தொட்டிலை ஆட்டக்கூட ஆள் வேண்டாம், தறியே ஆட்டிவிடும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நானும் சங்கரன்கோவிலில் தறித் தெருவிலேயே பிறந்தவள்தான். பிளஸ் டூ முடித்த கையோடு, பதினேழு வயதில் தறிக்கு வந்துவிட்டேன். பிறகு கல்யாணமும் இரண்டு தெரு தள்ளி இன்னொரு தறி வீட்டில். அதனால் தறி ஓடுவது எங்களுக்குச் சத்தமே இல்லை. நாலில் ஒன்று நின்றுபோனால்தான் "என்ன அங்கே?" என்று திரும்பிப் பார்ப்போம்.

தறி ஓடும்போது பேச முடியாது. அதற்காக எங்கள் ஆட்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்கப் பேசுவோம். உதட்டை அசைத்தால் போதும், அந்தக் கோடியில் நிற்பவருக்குப் புரிந்துவிடும். மிச்சத்தைக் கை சொல்லும். காபி, சாப்பாடு, நூல் தீர்ந்துவிட்டது, உன் மாமியார் வருகிறாள், எல்லாவற்றுக்கும் கையில் ஒரு சாடை உண்டு. முதுகைக் காட்டி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவு நூலை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவோம். உருண்டை கிடைக்காவிட்டால் காலால் தரையை ஓங்கி ஒரு மிதி. சிமெண்டுத் தரை அதிர்ந்து அந்த ஆள் திரும்புவார். இந்தப் பழக்கம் தறிக்கூடத்தோடு நிற்காது. சமையலறையிலும் அப்படித்தான், படுக்கும் இடத்திலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கல்யாணத்தன்று ஒரு தடவை, அதுவும் ஐயர் சொல்லச் சொன்னதால்.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் இவள் வயிற்றில் வந்தாள். ஐந்து வருடம் காத்திருந்தவள் எப்படி இருப்பாள்? நான் படு கறாராக இருந்தேன். நர்ஸம்மா எழுதிக்கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையில் ஒன்றைக்கூட விட்டதில்லை. அது வயிற்றைக் கல்லாக்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி தன் மாத்திரையைத் தூக்கிப் போட்ட கதையைச் சொன்னபோது அவளோடு சண்டைக்கே போனேன். தினம் ஒரு முட்டை, முருங்கைக்கீரை, மாதம் தவறாமல் ரத்தக் கொதிப்பு பார்ப்பது, குமட்டிக்கொண்டே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தது எல்லாம் முறைப்படி நடந்தது. தாய் சேய் நலப் புத்தகத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஒன்றே ஒன்றைத்தான் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு வந்தவர், என்னைத் தறிக்கூடத்தில் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து சொன்னார்.

"இந்தச் சத்தத்துல நாளெல்லாம் நிக்காதட்டி. அஞ்சு மாசத்துக்கு மேல உள்ள இருக்க பிள்ளைக்கும் காது கேக்கும். வயிறு கொஞ்சம் தடுக்கும், முழுசா தடுக்காது. தள்ளி உக்காந்து சேலை மடிக்கிற வேலை இருந்தா அதப் பாரு."

"அதுக்கு ஏதும் மாத்திரை இருந்தா குடுங்கக்கா, போட்டுக்கிடுதேன்" என்றேன் நான்.

அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அது பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது. நான் பிறந்த தெருவில் யார்தான் வயிற்றுப் பிள்ளையோடு தறி ஓட்டவில்லை? என் அம்மா ஓட்டினாள், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? எட்டாம் மாதம் வரை நின்றேன். தறி ஓட ஓட அவள் உள்ளே உதைப்பாள். என் வயிற்றைக் காட்டி, இவள் இப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று அத்தையிடம் சாடை காட்டுவேன். அத்தை என்றால் என் மாமியார். முப்பது வருடம் தறி ஓட்டியவர்.

பிள்ளை இரண்டே முக்கால் கிலோ எடையில் சுகமாகப் பிறந்தாள். மறுநாள் வார்டில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். பச்சைப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். நாற்பது நாள் வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்று அத்தை சொன்னார். நாற்பது நாள் முடிந்தபோது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிக்கிற பிள்ளைக்குக் காது கேட்காமலா இருக்கும்? சீட்டைப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவைத்தேன். கறாரான நான், அதைச் செருகியதோடு மறந்தும் போனேன்.

புத்தகத்தில் பிள்ளை வளர வளர என்னென்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தலை நிற்கிறதா, குப்புற விழுகிறதா, பொருளைப் பிடிக்கிறதா. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். "சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா?" அதற்கும் போட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறைக்குள் நுழையும்போது காலை ஒரு மிதி மிதித்தால் பாயில் கிடக்கிற பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பிப் பார்ப்பாள். மின் பராமரிப்பு என்று மாதம் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். தறி நின்ற அடுத்த நிமிடம் தொட்டிலில் விழித்துக்கொண்டு அழுவாள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எட்டு மாதம் முடிந்து ஒன்பது நெருங்கும்போது கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவை விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. அங்கே தறி கிடையாது. பஸ் போனால் சத்தம், பைக் போனால் சத்தம், மற்ற நேரமெல்லாம் அமைதி. முற்றத்தில் நார்க்கட்டிலைப் போட்டு, மேலே பிள்ளையை உட்காரவைத்து, அவள் கையில் ஒரு மூடியைக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் அக்கா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தவள் கைதவறிப் போட்டுவிட்டாள். எவர்சில்வர் குடம். படியில் விழுந்து, அடுத்த படியில் விழுந்து, கணகணவென்று உருண்டு கோழிக்கூண்டில் போய் முட்டி நின்றது. நான் துள்ளி எழுந்தேன். கோழிகள் பறந்தன. என் மகள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குடத்தை எடுக்கப் போகவில்லை. பிள்ளையையே பார்த்தாள்.

"என்னட்டி இது, பிள்ள திரும்பவே இல்ல?"

"அவ இதுக்கெல்லாம் அசர மாட்டா. தறி வீட்டுப் பிள்ளை."

"அசராட்டி நல்லதுதான். கேக்குதா அவளுக்கு?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கூடப் பிறந்தவளே இப்படிக் கேட்பாளா என்று மாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். அந்தக் கோபம் பஸ் ஏறும்வரைதான் தாங்கியது. கண்டக்டர் எங்கள் தலைக்கு மேலேயே விசில் ஊதினார். மடியில் இருந்தவள் திரும்பவில்லை. மறுபடி ஊதினார். மறுபடியும் இல்லை. மூன்றாவது விசிலுக்கு அவள் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் சோதனையை ஆரம்பித்தேன். பாயில் உட்காரவைத்துத் தரையை மிதித்தேன், திரும்பினாள். அப்பாடா என்று இருந்தது. பிறகு கட்டிலில், தலையணைக்கு மேல் உட்காரவைத்தேன். பின்னால் நின்று தரையை மிதித்தேன். திரும்பவில்லை. கை தட்டினேன். தட்டில் கரண்டியால் அடித்தேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் திரும்பியது சத்தத்துக்கு அல்ல, தரை அதிர்வதற்கு. கரண்ட் போனபோது அவளை எழுப்பியதும் தொட்டிலின் ஆட்டம் நின்றதுதானோ? எங்கள் வீட்டில் எட்டு மாதமாக யாருமே அவளை வாயால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். பொறுமைக்காரி என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டோம்.

அடுத்த புதன்கிழமை ஒன்பதாம் மாத ஊசி. நர்ஸம்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். எல்லாக் கட்டத்திலும் என் டிக். "பரவாயில்லையே, கரெக்டா எழுதியிருக்க" என்றார். நான் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். இந்த ஒரு டிக் பொய் என்று சொன்னேன். உறைக்குள் இருந்த சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சீட்டை நீவி நேராக்கினார்.

"இப்பவும் நேரம் போயிரல. கேக்கலன்னாலும் இந்த வயசுல கண்டுபிடிச்சா செய்யதுக்கு எவ்வளவோ இருக்கு. நாளைக்கே திருநெல்வேலிக்குப் போ. எவளாவது ஏதாவது சொன்னான்னு நிக்காத."

மறுநாள் போனோம். பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் சின்ன விளக்கை வைத்துப் பிள்ளையின் காதுக்குள் பார்த்தார். இரண்டு காதும் அடைத்துக் கிடக்கிறதே, எண்ணெய் ஊற்றுவீர்களா என்று கேட்டார். ஊற்றுவோம் என்றேன். குளிப்பாட்டும்போதெல்லாம் அத்தை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவார். அந்த எண்ணெயும் அழுக்கும் பவுடரும் சேர்ந்து களிம்பாக உட்கார்ந்துவிட்டது. "இனிமே ஒரு சொட்டுகூட விடாதீங்க. காது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கிடும்" என்றார். ஊறவைக்க மருந்து கொடுத்து, ஐந்து நாள் கழித்து வந்தால் சுத்தம் செய்துவிட்டுக் காது கேட்கும் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார்.

இந்த அடைப்புதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் இது மட்டும் என்றால் குடம் விழுகிற சத்தம் கொஞ்சமாவது கேட்டிருக்க வேண்டும், சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். கர்ப்பமாக இருந்தபோது தறியில் நின்றதைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் எழுதிய அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஐந்து நாளை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். என் மாத்திரை, என் முட்டை, என் முருங்கைக்கீரை எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. வயிற்றுக்குள் இருந்தபோது அவள் உதைத்தாளே, அது விளையாட்டு என்று நினைத்தேனே, தாங்க முடியாமல் உதைத்தாளோ? அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் பரணில் போட்டார். தறிக்கூடத்துக் கதவை மூடி, இடுக்கில் பழைய போர்வையைத் திணித்துவைத்தார். முப்பது வருடத்தில் அந்தக் கதவை மூடித் தான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அவர் என்னைத் தேற்றத்தான் வந்தார். பாவம், தேற்றத் தெரியாத மனிதர்.

"கேக்காமப் போனாலும் என்னட்டி, நம்ம வீட்டுல பேச்செல்லாம் கையிலதான. பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் தெரியாது."

கையில் இருந்த கரண்டியை வீசி எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில். நங்கென்று விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிள்ளையைப் பார்த்தோம். அவள் பாயில் கவிழ்ந்து, தன் கொலுசை வாயில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஐந்தாம் நாள் மூன்று பேரும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். டாக்டர் இரண்டு காதையும் சுத்தம் செய்தார். அவள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பிறகு பரிசோதனை அறைக்கு அனுப்பினார்கள். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றதால் என் வீட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டார். அங்கே பரிசோதனை செய்கிறவள் என்னைவிடச் சின்னப் பெண், நாகர்கோவில் பக்கம் போலிருக்கிறது பேச்சு. தூங்குகிற பிள்ளைக்குக் காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது, இவள் இப்போது தூங்க மாட்டாள், அதனால் முதலில் வேறு முறையில் பார்க்கலாம் என்றாள்.

அது ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் நான், மடியில் பிள்ளை. வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர், இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் மேலும் கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. சத்தம் வந்த பக்கம் பிள்ளை திரும்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். அந்தப் பரிசுக்காக அவள் அடுத்த சத்தத்தையும் தேடுவாள். "நீங்க அசையக்கூடாதுக்கா. எந்தப் பக்கமும் பாக்காதீங்க. உங்களப் பாத்துப் பிள்ள திரும்பிரும்" என்று சொல்லிவிட்டுக் கனமான கதவைச் சாத்தினாள்.

கதவு மூடியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆயுசில் அப்படியொரு அமைதியை நான் பார்த்ததில்லை. ஆனால் முழு அமைதியும் இல்லை. எங்கேயோ ஒரு மெஷின் மெல்லிசாகக் கீ என்று இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக, "அந்த மெஷினை நிறுத்தலையா?" என்று கேட்டேன். மைக்கில் அவள் குரல் வந்தது. "மெஷின் எதுவும் ஓடலயேக்கா." சரி, இவளுக்குப் பழகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சத்தம் வலது பக்கம் வந்தது, பெரிதாக, கிளி கத்துகிற மாதிரி. பிள்ளை திரும்பவில்லை. ஆனாலும் பெட்டியில் விளக்கெரிந்து ஒரு குரங்குப் பொம்மை தாளம் போட்டது. அதைப் பார்த்ததும் பிள்ளையின் வாய் திறந்துகொண்டது. இரண்டாவது சத்தம், அதே பக்கம். திரும்பினாள்! குரங்கு ஆடியது. மூன்றாவது இடது பக்கம். திரும்பினாள். அங்கே ஒரு கரடி. நாலாவது சத்தம் சின்னது, அதற்கும் திரும்பினாள். அதற்கப்புறம் எல்லாம் குழம்பிப்போனது.

சத்தம் எதுவும் வரவில்லை. பிள்ளை மட்டும் வலது பக்கம் திரும்பினாள். குரங்கு ஆடியது. மறுபடி சத்தமில்லை. இவள் இடது பக்கம் திரும்பினாள். கரடி ஆடியது. மறுபடியும். மறுபடியும். எனக்குப் புரிந்துவிட்டது. பொம்மை எங்கே வரும் என்று கண்டுகொண்டு, சும்மா இங்கும் அங்கும் பார்க்கிறாள். முன்னால் திரும்பியதும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்தப் பெண்ணும் அது தெரியாமல் பொம்மையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் உச்சந்தலையில் என் கண்ணீர் விழுந்தது. அசையாதே என்று சொல்லியிருந்ததால் துடைக்கவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் சிரித்த முகமாக வந்தாள்.

"நல்லா கேக்குதுக்கா. ரெண்டு பக்கமும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தமே வராம பிள்ள பாட்டுக்குத் திரும்புதா, நீ பாட்டுக்கு பொம்மைய ஆட்டுத. நல்லா கேக்குதுன்னு வாய் கூசாம சொல்லுதியே! எங்கள ஏமாத்தி அனுப்பாதம்மா."

அவள் சிரிப்பு நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"எந்தச் சத்தம் வரைக்கும் உங்களுக்குக் கேட்டுச்சுக்கா?"

"நாலாவது வரைக்கும். அதுக்குப் பொறவு நீ போடவே இல்லையே?"

"போட்டேன்க்கா. பதினோரு சத்தம் போட்டேன். கொறைச்சுக் கொறைச்சுப் போட்டேன். பிள்ள எல்லாத்துக்கும் கரெக்டா திரும்பினா."

எனக்குக் கேட்காத சத்தத்துக்கெல்லாம் என் மகள் திரும்பியிருக்கிறாள்! அதை நான் விளங்கிக்கொள்ள ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் என்னைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. அவளை இறுக்கிப் பிடித்துக் கன்னம், காது, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் முத்தமிட்டேன். அவள் என் மூக்கைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் குரங்கைத் தேடினாள். பால் குடித்துத் தூங்கிய பிறகு குழாய் வைத்தும் பார்த்தார்கள். அதிலும் இரண்டு காதும் நல்லபடியாக வந்தது.

பிறகு ஏன் குடத்துக்குத் திரும்பவில்லை என்று கேட்டேன். "அடைப்பு பாதி காரணமா இருக்கலாம். பெரிய சத்தத்துக்குள்ளயே வளர்ந்ததால, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு விட்டிருக்கலாம். இதுதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா காது நல்லா இருக்கு" என்றாள். அதோடு விடவில்லை. பிள்ளை பா, மா, தா என்று அடுக்கிப் பேசுகிறாளா என்று கேட்டாள். நான் யோசித்தேன். அழுவாள், சிரிப்பாள், கையைக் காலை ஆட்டுவாள். பா, மா கிடையாது. "கேக்குற காது இருந்தா மட்டும் போதாது, கேக்கதுக்குப் பேச்சு வேணும்லா. தறிகிட்ட தூங்கப் போடாதீங்க, இப்ப நல்லா இருக்க காது கெட்டுப்போகும். நாள் முழுக்க அவகிட்ட வாயால பேசுங்க. மூணு மாசத்துல திரும்பக் காட்டுங்க" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்களுக்கும் ஒரு தடவை பாத்துருவோமாக்கா?" என்றாள்.

பார்த்தார்கள். மெல்லிய சத்தங்கள் எனக்குப் போய்விட்டன. பன்னிரண்டு வருடத் தறி. அறைக்குள் இரைந்த மெஷின் வேறெங்கும் இல்லை, என் காதுக்குள்தான் இருக்கிறது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று காதில் செருக ரப்பர் அடைப்பான் வாங்கச் சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பாட்டம் அழுதிருப்பேன். அன்றைக்கு, இவ்வளவுதானா என்றிருந்தது. தறி என் காதை எடுத்துக்கொண்டு அவளுடையதை விட்டுவிட்டது என்றால், நான் அந்த வியாபாரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள்தான்.

வெளியே என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை உயர்த்திச் சாடையில் ஏதோ கேட்டார். "வாயால கேளுங்க, இனிமே எல்லாம் வாயாலதான்" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

தொட்டில் வாசல் பக்கத்து அறைக்கு வந்தது. கதவு இப்போதும் மூடியேதான் இருக்கிறது. நான் தறியில் பாதி நாள்தான் நிற்கிறேன், காதை அடைத்துக்கொண்டு. மீதி நேரமெல்லாம் பேச்சுதான். கத்தரிக்காய் நறுக்கினால் அதைச் சொன்னேன், பூச்சி இருந்தால் அதையும் சொன்னேன். தொடக்கத்தில் பைத்தியக்காரி மாதிரி இருந்தது. பேசிப் பழக்கமில்லாத அத்தை, பேத்தியிடம் தன் கல்யாணச் சண்டை முழுவதையும் சொன்னார். பதினோராம் மாதம் ஒரு காலையில் பிள்ளை "த்தா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று எங்களுக்குள் இன்னமும் தகராறு இருக்கிறது. ஒன்றரை வயதில் பத்துச் சொல் வந்தது. இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது, வாய் ஓய்வதில்லை.

போன வாரம் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தாள். இந்த வீட்டில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் பேச வேண்டுமானால் முதலில் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று அவளாகவே தெரிந்துவைத்திருக்கிறாள். திருப்பிவிட்டு, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ம்மா. பாலு. பொங்குது."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பாதிப் பால் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.